ஏலாமையும் அதன் அளவும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் வழக்கமாகச் சமயச் சொற்பொழிவும் பண்ணிசையும் பட்டிமன்றமும் நிகழ்வதுண்டு. இவ்வாண்டு செயலாளர் அண்ணை என்னை வீதியில் மறித்து, "தம்பி, நீ வைத்தியத்தோடு சேர்ந்த படிப்பெல்லோ படிக்கிறாய். எங்கட சனத்துக்கு உதவுகிற விஷயம் ஒன்றைச் சொல்லு" என்று கட்டளையிட்டார். யான் டொக்டர் அல்லன். பரீட்சை மண்டபத்தைக் கண்டால் இன்றும் நடுங்குகின்ற மாணவன். ஆதலால் என் சொற்களில் பிழை காணின் பொறுத்தருளுமாறு பெரியோர்களை முதற்கண் வேண்டிக்கொள்கிறேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பொடியன் இந்து இளைஞர் சங்கத்து மேடையில் என்ன பேசப் போகிறான் என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்வியே. அப்பள்ளிக்கூடத்தில் நான் ஓட்டத்தில் ஒருநாளும் பரிசு பெறாதவன். ஆகவே விளையாட்டுப் போட்டி தோறும் என் கையில் நிறுத்தற் கடிகாரத்தைத் தந்து, கோட்டருகே நிறுத்திவிடுவார்கள். அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நோயாளி ஒருவரின் உடல் வலுவை எவ்வாறு அளக்கலாம் என்பதே இன்று நான் சொல்ல வந்த பொருள்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர். எனக்குப் பெரியப்பா முறை. அவரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "பேரைச் சொல்லாமல் சொல்லு" என்றார். இந்தச் சிறு தீவில் பெயரைச் சொல்லாமல் ஒருவரை மறைப்பது எவ்வளவு நடக்கக்கூடிய காரியம் என்பதை நீங்களே அறிவீர்கள். இருப்பினும் அவர் சொற்படி நடக்கிறேன். கடலிலே வளர்ந்த தேகம். அறுபதைத் தாண்டிய பின்னர், பல ஆண்டு காலம் கவனியாது விட்ட நீரிழிவும் பிறசரும் சேர்ந்து அவருடைய சிறுநீரகங்கள் இரண்டையும் செயலிழக்கச் செய்தன. வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே 1990களின் நடுப்பகுதி முதல் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் தீர்மானமாகாத சிறுநீரக நோயைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருப்பீர்கள். அது வேறு. நம் வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் இந்தச் சீனி வருத்தத்தின் பின்னாலேயே வருகிறது.

அன்றுமுதல் பெரியப்பாவுக்கு வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்பு. இங்கே இறங்குதுறையில் மோட்டார் வள்ளம் ஏறி ஊர்காவற்றுறை. அங்கிருந்து பஸ்ஸில் வேலணை, மண்டைதீவு, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். இயந்திரத்தோடு நான்கு மணித்தியாலம். மீண்டும் அதே வழி. கடைசி வள்ளம் தப்பினால் பட்டணத்து உறவினர் வீட்டில் படுக்கை. ஆறேழு மாதம் ஒழுங்காய்ப் போய்வந்தார். பின்னர் ஒரு வாரம், "கடல் சரியில்லை, இண்டைக்கு விடுவம்" என்றார். மறுவாரமும் அதையே சொன்னார். அன்று கடல் எண்ணெய் வார்த்தாற்போற் கிடந்தது. வாடைக்காற்று தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒருமுறை தவறினால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். கழிக்க வழியின்றி உடலில் நீர் சேர்ந்து நுரையீரலில் தேங்கும்; பொட்டாசியம் என்னும் உப்பு இரத்தத்தில் ஏறி இருதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆதலால் வீட்டில் எல்லோரும் அவரை ஏசினோம். ஏச்சுக்குப் பயனில்லை. லீவில் வந்திருந்த நான் ஒருநாள் பின்னேரம் தனியே இருந்து கேட்டபோதுதான் உண்மை வந்தது. "மோனை, வத்து நேரத்தில வள்ளத்திலயிருந்து படியில கால் வைக்க ஏலாமல் கிடக்கு. ரெண்டு பொடியள் சாக்கு மூட்டை தூக்கிற மாதிரித் தூக்கிறாங்கள். கடற்கரையில முழுச் சனமும் பாத்துக்கொண்டு நிக்குது."

நாங்கள் எல்லோரும் அவருடைய சிறுநீரகத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்தது அவருடைய தொடை. அதை ஒருவரும் பார்க்கவில்லை. வைத்தியம் சார்ந்த படிப்புப் படிப்பதாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்த நானும் பார்க்கவில்லை.

இந்த இயந்திரத்தின் வரலாற்றைச் சற்றே சொல்லி மேற்செல்கிறேன். 1943ஆம் ஆண்டில், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஒல்லாந்து தேசத்திலே கம்பன் என்னும் ஊரில் (நம் கம்பனோடு தொடர்பில்லை), வில்லெம் கொல்ஃப் என்ற இளம் டொக்டர் மரச் சட்டங்களாலான உருளையொன்றைச் சுற்றி, இறைச்சிக்கடையில் சொசேஜ் அடைக்கப் பயன்படும் செலோபேன் குழாயைச் சுற்றி, அதனூடே நோயாளியின் இரத்தத்தை ஓடவிட்டார். முதலில் வந்தவர்கள் அநேகமாய் எல்லோரும் இறந்தனர். 1945இல் அறுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். ஆயினும் அக்காலத்தில் சில நாள் நெருக்கடியைக் கடக்கவே அது உதவியது. 1960இல் அமெரிக்காவில் சியாற்றில் நகரத்து பெல்டிங் ஸ்கிறிப்னர், இரத்தக் குழாயில் நிரந்தரமாய்ப் பொருத்தும் குழலொன்றை அமைத்த பின்னரே, சிறுநீரகம் முற்றாய்ப் போனவர்களும் ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ், பதினொரு ஆண்டுகள் உயிரோடிருந்தார். 1966இல் கையிலேயே நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைக்கும் முறை வந்தது. பெரியப்பாவின் இடக் கையில் தொட்டால் உறுமுகின்ற அந்தத் தடிப்பு அதுவே.

இயந்திரம் உயிரைக் காக்கிறது. ஆனால் தசையைக் காப்பதில்லை. நோயே தசையைத் தின்கிறது: இரத்தத்தில் அமிலம் மிகுகிறது, உள்ளுக்குள் அழற்சி நீங்காதிருக்கிறது, பசி குன்றுகிறது, இரத்தச்சோகை வருகிறது, ஒவ்வொரு சுத்திகரிப்பின்போதும் புரதத்தின் கூறுகள் கழுவுண்டு போகின்றன. அதன்மேல் அசையாமற் கிடக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். பல நாடுகளில் வழக்கமாயிருப்பதுபோல வாரம் மூன்று தரம், தரத்துக்கு நான்கு மணித்தியாலம் என்றால், ஆண்டுக்கு 624 மணித்தியாலம். அதாவது இருபத்தாறு நாள், இரவும் பகலுமாய். வீட்டுக்கு வந்தால் களைப்பு; அன்று முழுதும் படுக்கை. மறுநாள் எழும்ப முயன்றால் நம் வீட்டுத் தாய்மார் விடுவதில்லை. பெரியம்மா சொல்வது இப்போதும் என் காதில் நிற்கிறது: "இஞ்ச பாருங்கோ, அசையாமல் இருங்கோ. என்ன வேணுமெண்டாலும் நான் கொண்டுவாறன்." அன்பினாற் சொன்னதே. அந்த அன்பினால் அவர் ஓராண்டு சாய்மனைக்கதிரையிற் கழித்தார்.

இந்நிலைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. தமிழில் நலிவு என்றும் தளர்ச்சி என்றும் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு இரண்டும் திருப்தி தரவில்லை. யாழ்ப்பாணத்தார் வாயில் அதற்கு ஏற்கனவே சொல் இருக்கிறது: ஏலாமை. "ஆளுக்கு இப்ப ஏலாது" என்று நாம் சொல்லும்போது, ஒரு நோயின் பெயரைச் சொல்வதில்லை. காய்ச்சலோ தடிமனோ ஒரு சிறு தள்ளு வந்தால் ஆள் விழுந்துவிடுவார் என்ற நிலையைச் சொல்கிறோம். வைத்திய நூலோரும் இதனையே கருதுகின்றனர்.

2001ஆம் ஆண்டில் லிண்டா ஃபிறீட் என்னும் அமெரிக்கப் பெண் டொக்டரும் அவர்தம் குழுவினரும் இந்த ஏலாமைக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தனர். ஓராண்டில் தன்னையறியாமல் ஏறத்தாழ நாலரைக் கிலோவுக்கு மேல் மெலிதல், தீராத அயர்ச்சி, கைப்பிடியின் வலுக்குறைவு, நடையின் வேகக்குறைவு, அன்றாட அசைவின் குறைவு. இவற்றுள் மூன்று இருப்பின் ஏலாதவர். ஒன்றோ இரண்டோ இருப்பின் அதன் வாசலில் நிற்பவர். இவ்வடையாளங்கள் முதியோருக்கென்றே வகுக்கப்பட்டவை. 2007இல் கிர்ஸ்ரன் ஜோஹான்சன் குழுவினர், இரத்தச் சுத்திகரிப்புப் பெறும் 2,275 பேரின் விபரங்களை ஆராய்ந்தபோது, மூவரில் இருவர் ஏலாதவர் என்று கண்டனர். தோழர்களே, நாற்பது வயதுக்குட்பட்ட நோயாளரிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அக்கூட்டத்தில் இருந்தனர். ஆகவே இது கிழவர் சங்கதி என்று நாம் எழுந்து போய்விட இயலாது.

2013இல் வெளியான ஆய்வொன்றிலோ, பால்ற்றிமோர் நகரத்தில் 146 நோயாளரைக் கருவிகொண்டு அளந்தபோது நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேரளவிலேயே ஏலாதவராய்க் காணப்பட்டனர். அவர்களுள் மூன்றாண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு நாற்பது, ஏலாமையின் வாசலிலும் நில்லாதோரில் பதினாறு. மூன்றில் இரண்டு எங்கே, நூற்றுக்கு நாற்பத்திரண்டு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வுக்கு எடுத்தவர்கள் வேறு என்பதோடு, முன்னையதில் நடையும் வலுவும் நோயாளர் தாமே சொன்ன விடைகளிலிருந்து கொள்ளப்பட்டவை. பின்னையதில் நிறுத்தற் கடிகாரமும் பிடிமானியும் சொன்னவை. அளக்கும் முறை மாறினால் ஆளின் பெயரே மாறிவிடுகிறது. கண்ணால் பார்த்து மதிப்பதோ இன்னும் மோசம். அதே நகரத்து நோயாளரிடையே, டொக்டர்மாரும் தாதிமாரும் பார்வையால் மதிப்பிட்டதும் அளவு காட்டியதும் பல தரம் ஒத்துவரவில்லை. நோயாளருள்ளோ தம்மை ஏலாதவர் என ஒப்புக்கொண்டவர் வெகு சிலரே. பெரியப்பாவும் "கடல் சரியில்லை" என்றுதானே சொன்னார்.

அளவுகளிலும் பொறிகள் உண்டு. மெலிவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்க்குத் தராசு போதும். இந்நோயாளிக்கோ ஒரு சுத்திகரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மூன்று கிலோ நீர் ஏறும். தசை கரைந்த இடத்தில் நீர் வந்து நின்றால் தராசின் முள் அசையாது. பெரியப்பாவின் நிறை ஓராண்டாய் அப்படியே இருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்திருந்தோம்; அவருடைய சாரம் இடுப்பில் நில்லாமல் நழுவியதை எவரும் யோசிக்கவில்லை. கைப்பிடியை அளக்கும்போது ஊசியேற்றும் கையை விட்டு மற்றக் கையை அளக்கவேண்டும். நடையைச் சுத்திகரிப்பு முடிந்து தலைசுற்றும் வேளையில் அளந்தால் பொய்யான விடை வரும். தொடங்குமுன் அல்லது இடைப்பட்ட நாளில் அளப்பதே முறை.

எல்லாவற்றிலும் கடினமானது அன்றாட அசைவை அளப்பது. ஃபிறீட் குழுவினர் இதற்கு மினசோட்டாவில் ஆக்கப்பட்ட வினாக்கொத்தொன்றைச் சுருக்கிப் பயன்படுத்தினர். அதிலே புல்வெட்டல் உண்டு, கோல்ஃப் உண்டு, ரெனிஸ் உண்டு, ஒற்றையர் வேறு, இரட்டையர் வேறாக. விடைகளைக் கூட்டி, வாரத்துக்கு ஆண்கள் 383 கலோரிக்கும் பெண்கள் 270 கலோரிக்கும் குறைவாய்ச் செலவிட்டால் அசைவு குறைந்தவர் என்று தீர்ப்பார்கள். அவ்வகை வினாக்கள் சிலவற்றை நான் பெரியப்பாவிடம் மொழிபெயர்த்துக் கேட்டேன். கடுமையான தேகாப்பியாசம் ஏதும் உண்டோ என்றதற்கு, "முந்தி நல்லூரில பிரதட்டை அடிச்சனான். அது கணக்கில வருமோ?" என்றார். எங்கள் பாட்டியிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார். தாளின்படி பாட்டி சோம்பேறி. ஆனால் விடியற்காலை முற்றம் கூட்டி, கிணற்றில் அள்ளி, பனங்கிழங்கு கிண்டி, கிடுகு பின்னி, கோயிலுக்கு நடந்துபோய் வருகின்றவர் அவரே.

வினா கேட்பவன் நோயாளியின் வாழ்க்கையை அறிந்து, நோயாளியின் மொழியிற் கேட்கவேண்டும். இது புதிய ஞானமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் நம்மவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்துவிட்டு 1873இல் நாடு திரும்பினார். அவருக்கு அன்று விளங்கியது எனக்கு அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த பின்னரே விளங்கிற்று. தாளைத் தள்ளிவைத்துவிட்டு வேறு விதமாய்க் கேட்டேன். கிணற்றடிக்கு யார் போவது? வலை பொத்த எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? கோயில் வீதியை எத்தனை தரம் சுற்றுவீர்கள், போன வருடம் எத்தனை? எந்த வேலையை எந்த மாதத்தில் விட்டீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பெரியப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு ஒவ்வொன்றாய் எண்ணத் தொடங்கினார்.

கேள்வி முடிந்ததும் கடிகாரத்தை எடுத்தேன். கைபிடியற்ற கதிரை ஒன்று. சுவரோடு சாய்த்து வைத்தது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழுந்து இருக்கவேண்டும். ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019இல் வகுத்த கணக்கின்படி பன்னிரண்டு செக்கனுக்குள் முடித்தால் நன்று. நடையோ, செக்கனுக்கு ஒரு மீற்றருக்குக் குறையலாகாது. கைப்பிடி ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் இருக்கவேண்டும். அதற்குப் பிடிமானி என்னும் கருவி வேண்டும், வீட்டில் கிடையாது. மற்ற இரண்டுக்கும் கதிரையும் கடிகாரமும் நாலு மீற்றர் நீளக் கோடும் போதும். பெரியப்பா நாலு மீற்றரை ஏழு செக்கனில் நடந்தார். கதிரையிலிருந்து ஒருதரமும் எழும்பவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் விரும்பவில்லை.

இனி என்ன செய்வது? அளந்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பதற்கோ? இத்தாலியில் நடந்த ஆய்வொன்றில் 296 நோயாளரைச் சேர்த்து, ஒரு பகுதியினரை வீட்டிலேயே ஒழுங்காய் நடக்கச் செய்தனர். ஆறு மாதத்தின்பின், ஆறு நிமிடத்தில் 328 மீற்றர் நடந்தவர்கள் 367 மீற்றர் நடந்தனர்; நடவாதிருந்தோர் நின்ற இடத்திலேயே நின்றனர். அதன் முடிவு 2017இல் வெளியாயிற்று. 2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், இயந்திரத்தோடு படுத்திருக்கும்போதே கால்களுக்குப் பயிற்சி கொடுத்தனர். ஓராண்டு முடிவில், ஒரு நிமிடத்தில் பதினாறு தரம் கதிரையிலிருந்து எழுந்தவர்கள் பத்தொன்பது தரம் எழுந்தனர். பயிற்சியில்லாதவர்கள் பதினைந்துக்குக் கீழே இறங்கினர். ஜப்பானியர் இன்னொன்று கண்டனர்: சுத்திகரிப்பில்லாத நாளில் நாலாயிரம் காலடிக்கு மேல் நடப்பவர்களிடையே மரணம் குறைவு. நடக்க வலுவுள்ளவர்தானே நடக்கிறார் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பிலும் நியாயம் உண்டு. காலடியை எண்ணுவதற்கு ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. தோழர்களே, உங்கள் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசி அதை எண்ணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகவேண்டும். மூச்சு வாங்கும்போதும், நெஞ்சு நோவின்போதும், கால் வீங்கி நீர் மிகுந்திருக்கும்போதும், சுத்திகரிப்பைத் தவறவிட்ட நாளிலும் பயிற்சி கூடாது. இயந்திரத்தில் இருக்கும்போது செய்வதாயின் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள். பின்னர் பிறசர் இறங்கும். தொடங்குமுன் தம்மைப் பார்க்கும் டொக்டரிடம் கேட்பது அவசியம். நாங்களும் கேட்டே தொடங்கினோம். கதிரையின்மேல் இரண்டு தலையணையை அடுக்கி உயர்த்தி, கையூன்றி எழும்பச் செய்தோம். சில வாரத்தில் ஒரு தலையணை போயிற்று. பின்னர் மற்றதும் போயிற்று. பெரியம்மா முதலில் என்னோடு பேசாமல் விட்டார். பிறகு அவரே பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்கினார். இடையில் காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியிற் கிடந்ததில் சேர்த்தவற்றிற் பாதி போய்விட்டது. மீண்டும் தலையணையிலிருந்து தொடங்கினோம். இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்புகிறார், பதினேழு செக்கனில். பன்னிரண்டுக்கு வருவாரோ, சொல்ல இயலாது. ஆனால் கடந்த நான்கு மாதமாய் ஒருமுறையும் சிகிச்சையைத் தவறவிடவில்லை.

இறங்குதுறையில் இப்போதும் ஒருவர் துணை வேண்டும். இதைத்தான் சங்கத்து இளைஞரிடம் வேண்டிக்கொள்கிறேன். அவரைப்போன்றோர் வள்ளம் ஏறும் நாட்களில் நம்முள் இருவர் முறைவைத்து அங்கே நிற்கலாம். ஆனால் தூக்கவேண்டாம். ஊசியேற்றாத கைப்பக்கம் நின்று, இடுப்புப் பட்டியில் பின்புறமாய்க் கைகொடுத்து, அவர் தம் காலாலேயே படியில் ஏறும்வரை காத்திருங்கள். அரை நிமிடம் கூடச் செல்லும், வள்ளக்காரர் சத்தம் போடுவார், போடட்டும். வத்து நேரத்தில் படிக்கும் வள்ளத்துக்கும் இடையே இருக்கும் உயரத்தைக் குறைக்க, பிடித்து ஏறக் கம்பியொன்றும் இடைப்படியொன்றும் அமைக்க இயலுமா என்று பெரியோர்கள் ஆராயும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை அளந்து செயலாளர் அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு வாசிகசாலையில் கைபிடியற்ற கதிரை ஒன்றும், நிலத்தில் நாலு மீற்றர் கோடும், என் பழைய நிறுத்தற் கடிகாரமும் இருக்கும். நோயுள்ளவர்கள் மாத்திரம் வரவேண்டுமென்பதில்லை. சீனியும் பிறசரும் உள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். முதல் ஆளாய்த் தாம் வருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். கடல் சரியில்லை என்று அன்று சொல்ல முடியாது. வாசிகசாலைக்கு வள்ளம் ஏறவேண்டியதில்லை.